உணவையும் மூலிகையையும் ஆராயும் மானிடவியலாளர் என்ன செய்கிறார்?

ஒரு சமூகம் எதை உண்கிறது, நோய் வந்தால் எந்தச் செடியைத் தேடுகிறது, அவை உடலை எப்படி மாற்றுகின்றன என்பதை அம்மக்களிடையே தங்கி அறிபவர் இவர்.

நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு நீனா எட்கின். ஹவாய் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர், 2009இல் மறைந்தார். 1970களில் வட நைஜீரியாவில் ஹவுசா இன மக்களின் கிராமம் ஒன்றில் ஆய்வைத் தொடங்கினார். மருந்தாகும் செடிகளில் பல அங்கே உணவாகவும் இருப்பதை, சக ஆய்வாளர் பால் ராஸுடன் சேர்ந்து 1982இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்.

இது ஏன் முக்கியம்? சளி பிடித்த அன்று மிளகு ரசம் வைக்கிறோம். அதை மட்டும் மருந்துக் கணக்கில் எழுதினால், மற்ற நாட்களில் பொங்கலிலும் குழம்பிலும் உண்ட மிளகு விடுபட்டுப்போகும். உடலுக்கோ எல்லாம் ஒரே மிளகுதான். ஆகவே மருத்துவரிடம் மட்டும் கேட்டால் போதாது. அடுப்படியிலும் சந்தையிலும் வயலிலும் பருவம் தவறாமல் பார்க்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் அருமையான வேலை.

பலர் இத்தகைய மானிடவியலாளரை மூலிகை வைத்தியர் என்று நினைக்கிறார்கள்; இவர் மருந்து தருவதில்லை, மக்கள் அதை ஏன், எப்போது, எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைத்தான் ஆராய்கிறார்.