சென்னைப் பந்தியும் நம் ஊர்ப் பந்தியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்குக் கடலூர் வரும்போதெல்லாம், "வெளியே போய்ச் சாப்பிட இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கிறாள். உணவகங்களைப் பொறுத்தவரை சென்னை நம் ஊர்களைவிட அவ்வளவு உயர்ந்ததா? டெல்லி, மும்பை போன்ற நகரங்களுக்கு அது ஈடாகுமா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடையைச் சமையல் மாஸ்டர்களின் கைப்பக்குவத்தில் தேடினால் கிடைக்காது. ஓர் ஊரில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வாழ்கிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்த்தால், அந்த ஊரின் உணவகங்களைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடுப்பி இருந்த தென்கன்னட மாவட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் வைத்த ஓட்டல்களே, அறை எடுத்துத் தங்கியிருந்த குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் இரண்டு வேளை டிபன் போட்டன. 1951-இல் மவுண்ட் ரோட்டில் புகாரி தொடங்கப்பட்டபோதும், 1981-இல் கே.கே. நகரில் சரவண பவன் தொடங்கப்பட்டபோதும், வாசலில் வந்து நின்ற கூட்டத்தில் பெரும்பகுதி வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் கடைகளைப் போட்டார்கள். 1990-களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கொரிய உணவகங்கள் வந்தன. அந்தக் கொரியப் பொறியாளர்கள் வராமல் இருந்திருந்தால், சென்னைக்காரர்கள் கிம்ச்சி என்னும் கொரியக் காய்கறி ஊறுகாயை இவ்வளவு எளிதாகச் சுவை பார்த்திருக்க முடியாது.

டெல்லியின் கதையும் இதுவேதான். 1947-இல் பிரிவினையின்போது பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள்தான் தந்தூரி அடுப்பை அந்த நகரத்தின் அடையாளமாக்கின. மும்பையில் ஈரானிலிருந்து வந்தவர்கள் தேநீர்க் கடைகளையும், நம் தெற்கத்திக்காரர்கள் மாட்டுங்காவில் இட்லிக் கடைகளையும் வைத்தார்கள். வகைகளின் எண்ணிக்கையில் சென்னை இந்த இரண்டு நகரங்களுக்கும் பின்னால்தான் நிற்கிறது என்பது என் கருத்து. காலை ஏழு மணிக்குச் சூடான பொங்கலும் வடையும் காப்பியும் நியாயமான விலைக்கு, ஏறக்குறைய எந்தத் தெருவில் நுழைந்தாலும் கிடைக்கும் என்ற உறுதியில் மட்டும் சென்னையை இந்தியாவின் எந்தப் பெருநகரமும் நெருங்க முடியாது.

இப்போது கடலூருக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் 46 லட்சம் பேர்; கடலூர் நகரில் 1,73,000 பேர். இங்கே அலுவலகத்தில் வேலை செய்கிறவர் பகல் ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடியும். வெளியே சாப்பிட வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் பேருந்துப் பயணிகள், கோர்ட்டுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் வந்தவர்கள், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள். இவர்களுக்கு வேண்டியது விரைவாகவும் வயிறு நிறையவும் கிடைக்கிற சாப்பாடு. அதனால்தான் நம் ஊர்ப் பலகைகளில் அளவுச் சாப்பாடு, பிரியாணி, பரோட்டா என்ற மூன்றும் மாறி மாறி வருகின்றன. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. கல்லாவில் இருப்பவர் தம் வாடிக்கையாளரைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இந்த மாவட்டத்தின் நல்ல சமையலெல்லாம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பண்ருட்டியில் பச்சை முந்திரி உரிக்கிற பருவத்தில் வைக்கிற குழம்பு, பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் சேர்ந்த கருவாட்டுக் குழம்பு, சிதம்பரத்துச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் எத்தனை உணவகங்களில் கேட்டவுடன் கிடைக்கும்? சென்னையில் வெற்றி பெற்ற பலகையைப் பார்த்து அப்படியே எழுதி மாட்டுவதற்குப் பதிலாக, வாரத்தில் ஒரு நாளாவது இவற்றில் ஒன்றைப் போட்டுப் பார்க்க நம் உணவக உரிமையாளர்கள் முன்வர வேண்டும். உங்கள் மகளும் அன்று தன் தோழிகளை அழைத்துக்கொண்டு வருவார்.

கேள்வி: புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி உணவகங்களில் பீட்சாவும் பாஸ்தாவும்தான் கிடைக்கின்றன, விலையும் சென்னைக்கு இணையாக இருக்கிறது. புதுச்சேரிக்கே உரிய சமையல் எங்கே போயிற்று?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்தத் தெருக்களின் உணவகங்கள் உங்களை எதிர்பார்த்து நடத்தப்படுவன அல்ல, அம்மா. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக சுமார் 150 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை இரவு வந்து, ஞாயிறு மாலை திரும்பிவிடுகிற விருந்தினர்களே அவற்றின் வாடிக்கையாளர்கள். சென்னை உணவகம் ஏழு நாளில் ஈட்டுவதை இவை பெரும்பாலும் இரண்டரை நாளில் ஈட்ட வேண்டும். பழைய மாளிகைகளின் வாடகையும் பராமரிப்பும் அந்தக் கணக்கின் மேல் ஏறுகின்றன. உணவகங்களுக்கான ஜி.எஸ்.டி. பொதுவாக இரண்டு ஊர்களிலும் ஒரே 5 சதவீதம்தான் என்பதால், வரியை இதில் குறை சொல்ல இடமில்லை. மதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் மதுவோடு உணவு பரிமாறும் உரிமம் பெரும்பாலும் தங்கும் விடுதிகளோடும் மனமகிழ் மன்றங்களோடும் பிணைக்கப்பட்டிருக்க, புதுச்சேரியில் தனி உணவகங்களும் அதைப் பெற முடிகிறது. அதற்காகவே வருகிறவர்கள் பலர் என்பதால், சமையலறை பல இடங்களில் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

நீங்கள் தேடும் சமையல் அழிந்துவிடவில்லை. பிரெஞ்சுப் படையிலும் நிர்வாகத்திலும் வேலை பார்த்து இந்தோசீனாவுக்கு (இன்றைய வியட்நாம் பகுதிக்கு) போய் வந்த புதுச்சேரிக் குடும்பங்கள், அங்கிருந்து நெம் என்னும் பொரித்த சுருளைக் கொண்டுவந்தன. சில வீடுகளில் வியட்நாமியப் பெண்களே மருமகள்களாக வந்து சமைத்தார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து வெயிலில் காயவைக்கும் நம் வடகத்தின் வாசனையை, வடுவான் என்ற பெயரில் பிரான்சின் சமையல் வல்லுநர்கள் இன்று கறிகளிலும் மீனிலும் சேர்க்கிறார்கள். காரத்தைக் குறைத்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த இறைச்சியும், வினிகர் ஊற்றிச் சமைக்கிற கறியும், பிரெஞ்சும் தமிழும் கலந்த கிரியோல் வீடுகளின் விருந்துச் சமையல். 1954-இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி, 1962-இல் அதற்கான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல பிரான்சுக்குப் போய்விட்டன. அவர்களோடு இந்தக் கைப்பக்குவத்தில் ஒரு பங்கும் போய்விட்டது. மீதி இருக்கிற வீடுகளில் இன்னும் சமைக்கிற மூத்த பெண்களிடம் போய் உட்கார்ந்து நம் இளம் சமையல்காரர்கள் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகள் கழித்துத் தேடினால் கற்றுத்தர ஆள் இருக்காது. பழைய வீடுகளை விடுதியாக நடத்தும் சில குடும்பங்கள் முன்கூட்டிச் சொன்னால் இத்தகைய விருந்தைச் சமைத்துத் தருகின்றன. சென்னையிலிருந்து உறவினர்கள் வந்தால் அப்படியோர் இடத்தை விசாரித்து அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கடலோர ஊர் என்பதால் கடலூர், புதுச்சேரி உணவகங்களில் கிடைக்கும் மீன், சென்னையில் கிடைப்பதைவிடப் புதியதாகத்தான் இருக்கும் என்று நம்பலாமா?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: ஊரை வைத்து நம்ப வேண்டாம். சென்னைக்குக் காசிமேடு இருக்கிறது, நமக்குத் தேங்காய்த்திட்டும் கடலூர் முதுநகரும் இருக்கின்றன. மூன்றுமே மீன்பிடித் துறைமுகங்கள்தான். அன்றன்று எவ்வளவு விற்றுத் தீர்கிறது என்பதே முக்கியம். கூட்டம் நிறைந்த ஒரு சென்னை மெஸ்ஸில் காலையில் வாங்கிய சங்கரா மாலைக்குள் தீர்ந்துவிடும். இங்கே வார நாளில் வெறிச்சோடிக் கிடக்கும் உணவகத்தில் அதே மீன் குளிர்பெட்டியில் சனிக்கிழமை வரை காத்திருக்கக்கூடும். அத்துடன், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் பெரிய வஞ்சிரத்தைக் கேட்டால், அது கேரளத்திலிருந்து ஐஸில் வந்ததாகவோ முன்பே சேமித்து வைத்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சிறு நாட்டுப்படகுகள் கரையோரத்தில் பிடித்து வரும் நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களைக் கேளுங்கள். எந்தப் பருவத்திலும், "இன்று காலையில் என்ன மீன் வந்தது?" என்று சப்ளையரிடம் கேட்டு, அவர் ஒன்றிரண்டு பெயர்களை மட்டும் சொன்னால் தாராளமாகச் சாப்பிடலாம், பலகையில் உள்ள பத்தும் வந்தது என்றால், அன்றைக்குச் சாம்பார் சாதம் போதும்.