குற்றம் செய்தவன் யாரென்று ஊருக்கே தெரியும்போது, ‘நிரூபிக்கும்வரை நிரபராதி’ என்பது எதற்கு?

கேள்வி கேட்டவர் தென்னாப்பிரிக்காவைச் சொல்லியே கேட்டிருக்கிறார். குற்றம் இவ்வளவு மலிந்த நாட்டில், கேமராவில் அகப்பட்ட திருடனுக்குக்கூட வக்கீல், ஜாமீன், விசாரணை என்று எதற்கு இத்தனை சலுகை என்பது அவர் கேள்வி.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே என் வயதுக்காரர்களில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் எப்போதாவது நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். சட்டம் படித்தவன் இல்லை. குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் அக்கா வீட்டில் துப்பாக்கியோடு புகுந்தார்கள். இன்றைக்கும் ராத்திரியில் கேட் சத்தம் கேட்டால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த வழக்கில் யாரும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால், ‘அவர்களுக்கும் நியாயமான விசாரணை வேண்டும்’ என்று அவள் முன்னால் சொல்ல எனக்கு நா எழுந்திருக்குமா? கஷ்டம்தான். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பையன்.

தமிழ்நாட்டிலிருந்து கடை வேலைக்கு வந்தவன், 24 வயது. கல்லாவில் பணம் குறைந்தது. முதலாளி போலீசுக்குச் சொல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது செய்தார்கள். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் அரசியலமைப்பின் 35-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கெடு நீதிமன்றம் மூடியிருக்கும் நேரத்தில் முடிந்தால், அடுத்த வேலை நாள் முடியும்வரை வைத்திருக்கலாம். வெள்ளி மாலை பிடித்தால் திங்கட்கிழமைதான். சின்னக் குற்றங்களுக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுக்க வழி உண்டு. அதைக் கேட்கவாவது தெரிய வேண்டுமே! அவனுக்கு ஆங்கிலம் தடுமாற்றம், ஜூலு சுத்தமாகத் தெரியாது.

சனிக்கிழமை காலையிலேயே அவன் படமும் ஒரு வீடியோ துண்டும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. கல்லாவுக்குள் அவன் கை. கீழே, ‘இவனை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்’. எனக்கு இரண்டு குழுக்களிலிருந்து வந்தது. ‘மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது’ என்று மனைவியிடம் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை நீதிமன்றத்திலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் அதே முகம்.

மொழிபெயர்ப்பவன் தன் சொந்தச் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டுதான் நிற்கிறோம். மாஜிஸ்திரேட் அவனுடைய உரிமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் லீகல் எய்ட் (இலவசச் சட்ட உதவி) மூலம் கேட்கலாம். அப்புறம் அந்த வாக்கியம். நான் அதை, ‘நீங்கள் நிரபராதி என்று கருதப்படுகிறீர்கள்’ என்று தமிழில் சொன்னேன்.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. ‘நான் எடுக்கலைன்னு இவங்களுக்குத் தெரிஞ்சு போச்சா சார்? அப்ப ஏன் மூணு நாளா உள்ள வெச்சிருந்தாங்க?’

விளக்கம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் கேட்டதை அப்படியே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தே பதில் சொன்னார். ‘நீங்கள் எடுத்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்த வழக்கை நான் கேட்கத் தொடங்குவேன். எடுத்தீர்கள் என்று காட்ட வேண்டியது அங்கே உட்கார்ந்திருக்கும் பிராசிகியூட்டருடைய, அதாவது அரசு வக்கீலுடைய வேலை. நீங்கள் எதையும் காட்ட வேண்டியதில்லை.’

எத்தனையோ தடவை மொழிபெயர்த்த வாக்கியம். அன்றைக்குத்தான் எனக்கே அது புரிந்தது. ஒருவன் நல்லவன் என்று அது சான்றிதழ் கொடுக்கவில்லை. பாரத்தை யார் சுமக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எங்கள் நாட்டில் 1969-லேயே ஜூரி முறையை ஒழித்துவிட்டார்கள். நீதிபதியோ மாஜிஸ்திரேட்டோதான் முடிவு செய்வார். 1937-ல் டிஃபோர்டு என்ற வழக்கில் சொன்ன விதியை இன்றைக்கும் பின்பற்றுகிறார்கள்: குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லும் விளக்கத்தை நீதிபதி நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அது உண்மையாக இருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும், விடுதலை.

பாரம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று 2021 ஜூலைக் கலவரத்தில் பார்த்தேன். கடைகளைச் சூறையாடினார்கள், போலீஸ் வரவில்லை, தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டுக் காவல் நின்றோம். நானும் இரண்டு ராத்திரி நின்றேன். ஒரு கறுப்பின மனிதர் ரொட்டிப் பையோடு நடந்து வந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை முடிந்து திரும்புகிறவர். ரொட்டிக்கு ரசீது எங்கே என்று எங்களில் ஒருவர் கேட்டார். ரொட்டிக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? அவர் ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டு நின்றார், கை நடுங்கியது. விட்டுவிட்டோம். ஆனால் எங்களைப் போல இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும், டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் அந்த நாட்களில் 36 பேர் செத்தார்கள் என்று அரசு அறிவித்தது. வழிப்போக்கர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சந்தேகித்துத் தாக்கியதும் அங்கே நடந்தது. தாக்கியதாகக் கைதானவர்கள் பிறகு நீதிமன்றத்தில் நின்றபோது, வக்கீலும் விசாரணையும் அவர்களுக்குக் கிடைத்தன. கிடைக்கத்தான் வேண்டும். ரோட்டில் செத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இந்தப் பாதுகாப்பு இல்லாத நிறவெறி ஆட்சிக் காலமும் இந்த நாட்டில் இருந்தது. 1963-ல் குற்றம் சாட்டாமலே 90 நாள் அடைத்து வைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1967-ன் பயங்கரவாதச் சட்டத்தில் நாள் கணக்கே இல்லை. அதைவிட மோசம், சில செயல்களுக்கு, தனக்குத் தீய நோக்கம் இல்லை என்பதை மாட்டிக்கொண்டவரே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 1971 அக்டோபரில் ஜோஹானஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து, அங்கே காவலில் இருந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது டிமோல் விழுந்து இறந்தார். தற்கொலை என்றது 1972 விசாரணை. கொலை என்று நீதிமன்றம் சொல்ல 2017 ஆனது. பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்க முடியாத சட்டம் இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

அதனால்தான் புதிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1995 ஏப்ரல் 5-ல் தந்த தீர்ப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் நட்டால் மாகாணத்திலிருந்து போன வழக்கு, பெயர் ஜூமா வழக்கு (முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கொலை, கொள்ளைக் குற்றச்சாட்டு. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் தானாக விரும்பிக் கொடுத்ததுதான் என்று எடுத்துக்கொள்ளலாம், அடித்து வாங்கினார்கள் என்றால் அதைக் கைதியே நிரூபிக்கட்டும் என்றது பழைய சட்டம். அந்தச் சட்ட விதி செல்லாது என்று எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக அப்படிச் சொன்னார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். கேமராவில் பதிவாகியிருந்தால் பிராசிகியூட்டருடைய வேலை சுலபம், அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து போட்டுக் காட்டட்டும். அந்தப் பையன் வழக்கில் போட்டுக் காட்டினார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது 11 நொடி. நீதிமன்றத்தில் முழுப் பதிவும் ஓடியது. அவன் கல்லாவைத் திறக்கிறான், பணத் தட்டை எடுத்துப் பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறான். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அதுதான் அவன் வேலை. லீகல் எய்ட் வக்கீலம்மா, கல்லாச் சாவி யார் யாரிடம் இருந்தது என்று கேட்டார். மூன்று பேரிடம். பணம் குறைந்தது எந்த நேரத்தில்? யாருக்கும் தெரியவில்லை. அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், அது போதாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் அவனை விடுவித்தார். அவன் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவே தேவைப்படவில்லை.

மாஜிஸ்திரேட் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது, இந்தத் தடவை பையன் சிரிக்கவில்லை. ‘இதையும் அந்த குரூப்ல போடுவாங்களா சார்?’ என்று மெதுவாகக் கேட்டான். அது நீதிமன்றத்துக்கான கேள்வி இல்லை என்பதால் நான் மொழிபெயர்க்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு குழுக்களிலும் நானே எழுதினேன்: விடுதலையாகிவிட்டார், அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். சிலர் அழித்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நாலு மாதம் கழித்து அவன் ஊருக்குக் கிளம்பினான். அந்த 11 நொடித் துண்டு போன வருடமும் ஒருமுறை என் போனுக்கு வந்தது.