மரவள்ளியில் சயனைடு: நொதிகள் செய்யும் வேலை (கேள்வி பதில்)

கேள்வி: தன்னுள் சயனைடு வைத்திருக்கும் செடி ஏன் சாவதில்லை?

பதில்: அது சயனைடாக இருப்பதில்லை. குளுக்கோஸோடு பிணைந்த லினமரினாகச் செல்லின் நுண்குமிழிக்குள் கிடக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் நொதியோ செல்சுவரில். பூச்சி கடித்தாலும் நாம் துருவினாலும் இரண்டும் சந்தித்துவிடும். லினமரேஸ் குளுக்கோஸைக் கழற்ற, அசிட்டோன் சயனோஹைட்ரின் மிஞ்சும். அது பிரிந்தால்தான் ஹைட்ரஜன் சயனைடு.

கேள்வி: கசப்புக் கிழங்கைத் துண்டு போட்டு நன்றாக வேகவைத்தும் கசக்கிறதே?

பதில்: கொதிநீரில் முதலில் செத்தது நொதிதான். லினமரின் அந்தச் சூட்டுக்கு அசையாது; நீரில் கரைந்த அளவுதான் குறையும். நொதி செத்தது பாதுகாப்பும் ஆகாது, நம் குடல் பாக்டீரியாவிடமும் இதை உடைக்கும் நொதி உண்டு. கசப்பு ரகத்துக்குச் சிதைப்பது, காத்திருப்பது, அதன்பிறகே சூடு. துருவி வைக்கலாம், அல்லது தோலுரித்து மூன்று நாள் நீரில் ஊறவிட்டால் கிழங்கே இளகிச் செல்கள் உடையும்.

கேள்வி: துருவிப் புளிக்கவைத்த மாவில் லினமரினே இல்லை, ஆனாலும் சோதனையில் சயனைடு காட்டுகிறது. எப்படி?

பதில்: சயனோஹைட்ரின் தேங்கியிருக்கும். அதைப் பிரிக்கும் இரண்டாம் நொதியான ஹைட்ராக்சிநைட்ரைல் லையேஸ் இலையில் தாராளம், கிழங்கில் மிகக் குறைவு. தானாகவும் பிரியும், ஆனால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5-க்கு மேல் இருந்தால்தான் வேகமாக. புளித்த மாவு 4-ஐ ஒட்டி நிற்கும். அங்கே அது அசையாமல் உட்கார்ந்துவிடும். பிழிந்து சாற்றைக் கொட்டுங்கள், பிறகு திறந்த பாத்திரத்தில் வறுங்கள். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ்தான், பறந்துவிடும். மூடிய அறையில் செய்ய வேண்டாம்.

கேள்வி: காய்ந்த மாவை இனிமேல் சரிசெய்ய முடியுமா?

பதில்: மாவில் மிச்சமுள்ள லினமரேஸ் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். பாத்திரத்தில் மாவின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நீர் விட்டுக் கிளறுங்கள். மட்டம் முதலில் இறங்கும். பழைய குறிக்கு ஏறியதும் நிறுத்துங்கள். ஒரு செ.மீ.க்கு மிகாமல் பரப்பி, நிழலில் 5 மணி நேரம் அல்லது வெயிலில் 2 மணி நேரம். குவித்து வைத்தால் வாயு உள்ளேயே தங்கும். அன்றே சமைத்துவிட வேண்டும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் மாவுக்கு அனுமதிப்பது கிலோவுக்கு 10 மில்லிகிராம் சயனைடு.

கேள்வி: கசப்பு வாதுமையிலும் இதே கதையா?

பதில்: ஏறக்குறைய. அங்கே லினமரினுக்குப் பதில் அமிக்டலின். அதில் குளுக்கோஸ் இரண்டு, ஒவ்வொன்றாகக் கழன்று மாண்டலோநைட்ரைல் என்ற சயனோஹைட்ரின் ஆகும். அதிலிருந்து சயனைடோடு பென்சால்டிஹைடும் வரும். வாதுமை மணம் என்பது இந்தப் பென்சால்டிஹைடுதான். சயனைடின் வாசனை பலருக்குத் தெரிவதே இல்லை, மூக்கை நம்பி மாவைச் சோதிக்காதீர்கள். அதற்குச் சயனைடு பட்டால் நிறம் மாறும் பிக்ரேட் தாள் இருக்கிறது.