சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்போடு ஒரு ஜோடி பீகிள் நாய் வைத்திருக்கிறேன். முதல் ஈற்றில் ஆறு குட்டி, ஒவ்வொன்றும் 15,000 ரூபாய்க்குப் போனது. கோயம்புத்தூருக்குப் போன குட்டி நாலு மாதத்தில், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கிப் படுத்துவிடுகிறதாம், ஈறு வெளுத்திருக்கிறதாம். பைருவேட் கைனேஸ் குறைபாடாக இருக்கலாம், மரபணுச் சோதனை செய்யுங்கள் என்கிறார் மருத்துவர். ஒரு நாய்க்கு 6,000 ரூபாய். அப்பா, அம்மா, குட்டி என்றால் 18,000. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நானோ மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 60,000 எடுத்து, இன்னொரு பெண் குட்டி வாங்க இருந்தேன். ஒரு ரூபாய் வட்டிதான். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 18,000 செலவும் வேண்டாம். குட்டிக்கு மட்டும் சோதனை செய்யுங்கள், உங்கள் செலவில்.

காரணம் இதுதான். சிவப்பணுவுக்குச் சக்தி தரும் நொதி குறைந்து, அணுக்கள் சீக்கிரமே உடைந்துபோகும் நோய் இது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்கு நோய். ஒரு பக்கம் மட்டும் வந்தால் நாய் கடைசிவரை நன்றாகவே ஓடியாடும். அதைக் கேரியர் என்பார்கள். ஆகவே குட்டிக்கு நோய் உறுதியானால் உங்கள் ஜோடி இரண்டுமே கேரியர். தனிச் சோதனை எதற்கு? லேபில் பீகிளுக்கான சோதனை என்று கேட்டு வாங்குங்கள். லாப்ரடார், பக் இன நாய்களுக்கு இந்த மரபணுவில் பழுது வேறு இடத்தில். அதற்கு முன் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் பார்த்துவிட்டாரா? நம் பக்கத்தில் ஈறு வெளுக்க அதுவும் ஒரு காரணம்.

நோய் உறுதியானால் 15,000-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்கு மருந்தில்லை, பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டாது. மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிவிடுங்கள், சங்கடமாகத்தான் இருக்கும்.

இதே ஜோடியை மறுபடி சேர்த்தால் கணக்கு எப்படி? ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஆறு குட்டி பிறந்தால் ஒன்றாவது நோயோடு பிறக்க 82 சதவீத வாய்ப்பு. சராசரியாக 22,500 ரூபாய் திருப்பித் தர வேண்டிவரும். பெயர் கெடுவது தனி.

இனி நகைக்கடன். 60,000-க்கு மாதம் 600 வட்டி. 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளின்படி பெண் நாயை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது. குட்டியை எட்டு வாரத்துக்கு முன் விற்கவும் கூடாது. இரண்டு மாதக் குட்டியை இன்று வாங்கினால் 16 மாதம் காத்திருப்பு, இரண்டு மாதம் சினை, இரண்டு மாதம் வளர்ப்பு. முதல் ரூபாய் கைக்கு வர 20 மாதம், வட்டி மட்டும் 12,000. தீனி, தடுப்பூசி வேறு.

கடனில்லாத வழி ஒன்று இருக்கிறது. உங்கள் பெண் நாய்க்கு, சோதனையில் பழுதில்லை என்று அறிக்கை வைத்திருக்கும் வெளி ஆண் நாயைத் தேடுங்கள். கட்டணமாகப் பணமோ ஒரு குட்டியோ கேட்பார்கள். பிறப்பதில் பாதி கேரியராக இருக்கலாம், நோயாளி பிறக்காது. அதை விற்பனைச் சீட்டிலேயே எழுதுங்கள். பொள்ளாச்சிச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாடு பிடிப்போமா? நாயின் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தமோ கன்னத்தின் உட்புறம் தேய்த்த பஞ்சுக் குச்சியோ போதும். ஒரு முறை எடுத்த அறிக்கை ஆயுளுக்கும் செல்லும்.

அப்புறம், விதிகளின்படி வளர்ப்பாளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? நாய் விற்ற வருமானம் தோப்பு வருமானம் போல விவசாயக் கணக்கில் வராது. வரிக் கணக்கில் தனியாகக் காட்டுங்கள்.