மாஜிஸ்ட்ரேட் நீதிபதி என்றால் கேஸ் மட்டம் என்று அர்த்தமில்லை

சம்பளப் பாக்கி கேஸை அமெரிக்காவில் சான் ஹோசே ஃபெடரல் கோர்ட்டில் (மத்திய அரசின் கோர்ட்) போட்டீர்கள், அது மாஜிஸ்ட்ரேட் நீதிபதிக்குப் போய், அவரே விசாரிக்கச் சம்மதமா இல்லையா என்று படிவம் வந்திருக்கிறது, சின்ன கேஸ் என்று ஒதுக்கிவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, கவலைப்படாதீர்கள். சான் ஹோசே கோர்ட்டும் சேர்ந்த வட கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகளை ஆரம்பத்திலேயே மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகளுக்கும் பிரித்துக் கொடுப்பது வழக்கம்தான்.

மாவட்ட நீதிபதிகளை ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தரும், ஆயுட்காலப் பதவி. முழுநேர மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகளை அந்த மாவட்ட நீதிபதிகளே 8 வருடத்துக்கு நியமிக்கிறார்கள். இரு தரப்பும் சம்மதித்தால் விசாரணை, தீர்ப்பு எல்லாம் இவரே, அப்பீல் நேராக ஒன்பதாவது சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். ஒருவர் மறுத்தாலும் மாவட்ட நீதிபதிக்கு மாற்றிவிடுவார்கள், மறுத்ததற்காக உங்களுக்கு ஒரு பாதிப்பும் வராது.

உங்கள் கேஸ் நம்பரைப் பாருங்கள். முன்னால் 5 என்றால் சான் ஹோசே, 3 சான் பிரான்சிஸ்கோ, 4 ஓக்லாந்து. கடைசியில் இருக்கும் எழுத்துகள் நீதிபதியின் இனிஷியல், நீதிபதி மாறினால் அதுவும் மாறும், அப்புறம் தாக்கல் செய்வதில் எல்லாம் புது இனிஷியலையே போடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சம்மதித்திருப்பேன். மாவட்ட நீதிபதிகளிடம் கிரிமினல் வழக்குகள் நிறைய, சட்டப்படி அவற்றுக்குத்தான் முதலிடம், அதனால் சிவில் கேஸ் காத்திருக்க வேண்டி வரலாம். எதுவானாலும் கெடு தேதிக்குள் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.