குற்ற எண் இருக்கா? ஜெயில் பற்றி நீங்கள் கேட்டவை

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக 27 வருஷம் ஓடிவிட்டது. மத்திய சிறையும் இதே வட்டாரத்தில்தான். அதனால் என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டம் கேட்பதில்லை, "எங்க ஆளு எங்க இருக்காரு?" என்றுதான் கேட்கிறார்கள். ஜெயில் சம்பந்தமாக என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

நாகலூர், ஏற்காடு: அண்ணா, என் தம்பியை நேற்று சாயங்காலம் போலீஸ் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்று கேட்டால் "கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு" என்கிறார்கள். நேராக சேலம் ஜெயிலுக்கு வந்து கேட்கட்டுமா?

இப்போதே பஸ் ஏறாதேம்மா. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து வாசலில் பெயரைச் சொல்லி நின்றால், "அப்படி யாரும் வரலையே" என்ற பதில்தான் கிடைக்கும். தம்பி இன்னும் மாஜிஸ்ட்ரேட் முன்னாலேயே போயிருக்க மாட்டான், அல்லது வேறு சிறைக்குப் போயிருப்பான்.

முதலில் ஸ்டேஷனில் குற்ற எண்ணை, அதாவது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) எண்ணை வாங்கு. ஓர் எண், ஒரு சாய்கோடு, வருஷம், அவ்வளவுதான். கூடவே எந்தப் பிரிவு, எந்த கோர்ட் என்று கேட்டு எழுதிக்கொள். ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 50ஏ பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 48. வழிப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். மாஜிஸ்ட்ரேட் ரிமாண்ட் செய்தால், அதாவது காவலில் வைக்கச் சொன்னால், ஒரு வாரண்டில் கையெழுத்துப் போடுவார். எந்தச் சிறை என்பது அந்தத் தாளில் இருக்கும்.

ஒரு சின்ன யோசனை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கோர்ட் வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஒருவர் உண்டு. கட்டு கட்டாகக் காகிதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் நிற்பார். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதது கூட அவருக்குத் தெரியும். குற்ற எண்ணைச் சொல்லி அவரிடம் கேள்.

ஸ்டேஷனிலும் சொல்லவில்லை, 24 மணி நேரமும் தாண்டிவிட்டது என்றால் தாமதிக்காதே. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

ஓமலூர்: கிளைச் சிறை, மத்திய சிறை, என்ன வித்தியாசம்?

கிளைச் சிறை சின்னது, பெரும்பாலும் விசாரணைக் கைதிகளுக்கு. ஓமலூரில், சங்ககிரியில் இருப்பவை அந்த வகை. நீண்ட தண்டனை பெற்றவர்கள் மத்திய சிறைக்குப் போவார்கள். தமிழ்நாட்டில் 9 மத்திய சிறைகள், சேலம் அதில் ஒன்று, 1862-இல் வந்தது. குண்டாஸ் என்கிற தடுப்புக் காவல் போட்டால் கிளைச் சிறை என்ற பேச்சே இல்லை, மத்திய சிறைதான். ஓமலூரில் ரிமாண்ட் ஆனவர் ஓமலூரிலேயே இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். இடம் இல்லாவிட்டால் மாற்றுவார்கள்.

அம்மாபேட்டை: நெட்டில் பெயரைப் போட்டால் கைதி விவரம் வராதா சார்?

சிறைகளுக்குள் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஏறுகிறது. ஆனால் தெருவில் போகிற எவரும் பெயரைத் தட்டி "உள்ளே இருக்கிறாரா" என்று பார்க்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை. என்னைக் கேட்டால் அது நல்லதுதான். ரிமாண்டில் இருப்பவன் குற்றவாளி என்று இன்னும் முடிவாகவில்லையே.

நீங்கள் பார்க்கக்கூடியது வழக்கை. இ-கோர்ட்ஸ் தளத்தில் குற்ற எண், ஸ்டேஷன், வருஷம் கொடுத்தால் வழக்கு நிலை வரும். ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி அடையாளமான, 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் கிடைத்துவிட்டால் இன்னும் சுலபம், வாய்தா தேதி வரை தெரியும். எஃப்.ஐ.ஆரை போலீஸ் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 18 வயதுக்குக் கீழே என்றால் எங்கும் தேடாதீர்கள். அவர்கள் சிறைக்கே வருவதில்லை, கூர்நோக்கு இல்லம்தான், அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்.

பெயரை வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை. ஒரு ராஜாவைத் தேடி ஒரு கிளைச் சிறைக்கு இரண்டு நாள் நடந்தேன். "இல்லை" என்றார்கள். மூன்றாம் நாள் வாரண்டைப் பார்த்தால் "ராஜேந்திரன் என்கிற ராஜா". ஆள் உள்ளேதான் இருந்தார், ஏட்டில் 'ரா' வரிசையில் வேறு பக்கத்தில்.

கொண்டலாம்பட்டி: முதன்முறையாக ஜெயிலில் மனு பார்க்க, அதாவது எங்க ஆளைச் சந்திக்கப் போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரிஜினல் ஆதார். கைதியின் பெயர், அப்பா பெயர், குற்ற எண், உங்களுக்கு என்ன உறவு, இவ்வளவும் ஒரு தாளில். இ-முலாகாத் என்ற தேசியத் தளத்தில் முன்பதிவும் உண்டு, மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். விசாரணைக் கைதியை அடிக்கடி பார்க்கலாம், தண்டனைக் கைதிக்கு இடைவெளி கூடுதல். நாளும் நேரமும் வாசல் பலகையில் இருக்கும்.

மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க நினைக்காதீர்கள், உள்ளே போகாது. டாக்டர் சீட்டின் நகலோடு கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், சிறை மருத்துவர் பார்ப்பார். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இதை முதல் நாளே செய்யுங்கள். அப்புறம், பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். பாதி நேரம் அழுவதிலேயே போய்விடும்.

வாழப்பாடி: ஜாமீன் கிடைத்து மூன்று நாள் ஆகிறது, மகன் வெளியே வரவில்லை. பணம் எதிர்பார்க்கிறார்களா ஐயா?

அதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கம்மா. ஜாமீன் உத்தரவு வேறு, விடுதலை உத்தரவு வேறு. ஜாமீன்தாரர்கள் வந்து, வரி ரசீது காட்டி, கோர்ட் ஏற்றுக்கொண்ட பிறகுதான் விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும். சாயங்காலம் கைதிகளை அறையில் பூட்டும் லாக்-அப் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் மறுநாள்தான்.

அடுத்த காரணம், பி.டி. வாரண்ட். வேறொரு ஸ்டேஷனில் பழைய வழக்கு கிடந்தால், அந்த கோர்ட் "இவரை இங்கே கொண்டுவா" என்று சிறைக்கு எழுதும். இந்த வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் அந்த வழக்கில் ஆள் உள்ளேதான். குடும்பத்துக்கு இது தெரிந்திருக்காது, மகனும் சொல்லியிருக்க மாட்டான். "வேறு வாரண்ட் நிலுவையில் இருக்கா?" என்று வக்கீலை விட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது காரணம் எங்களைப் போன்றவர்கள். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் நான் எழுதிக்கொடுத்த தாளில் குற்ற எண் 314-ஐ 341 என்று போட்டுவிட்டேன். சிறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இரண்டு நாள் கோர்ட் லீவு. அந்தப் பையனின் அம்மா எனக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையா, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் பேசுங்கள்.

சூரமங்கலம்: அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வேலை பார்க்கும் என் மைத்துனரைக் கைது செய்துவிட்டார்களாம். டெக்ஸாஸ் சிறைத்துறை தளத்தில் தேடினேன், பெயரே இல்லை.

இருக்காது தம்பி. அங்கே ஜெயில் வேறு, பிரிசன் வேறு. புதிதாகக் கைதானவரும் குறைந்த தண்டனைக்காரரும் கவுண்டி ஜெயிலில், ஷெரிஃப் பொறுப்பில். நீண்ட தண்டனை என்றால்தான் மாநிலச் சிறை. நீங்கள் பார்த்தது மாநிலப் பட்டியல். முதல் கேள்வி "எந்த கவுண்டி?" டல்லாஸ் என்று நாம் சொல்லும் வட்டாரத்திலேயே டல்லாஸ், காலின், டென்டன் என்று பல கவுண்டிகள். பிளேனோ பெரும்பாலும் காலினில் வரும். அந்த ஷெரிஃப் தளத்தில் பெயரும் பிறந்த தேதியும் போட்டுத் தேடுங்கள். நம் ஊருக்கு நேர் எதிர், போட்டோவைக் கூடப் பல இடங்களில் போட்டுவிடுவார்கள். விசா சிக்கல் என்றால் குடியேற்றத் துறைக்குத் தனித் தேடல் உண்டு, அதற்கு ஏ-நம்பரோ (அந்தத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் எண்) முழுப் பெயரோ, கூடவே பிறந்த நாடும் வேண்டும். இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லும்படி அவரே கேட்க வேண்டும், வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. டெக்ஸாஸுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம்.

எடப்பாடி: ஆயுள் என்றால் 14 வருஷம்தானே?

இல்லை. ஆயுள் என்றால் ஆயுள். கொலை போன்ற, மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றங்களில் 14 வருஷம் முடிவதற்குள் அரசு முன்விடுதலை செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதை ஜனங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். நாம் பரோல் என்பதற்கு இங்கே விடுப்பு என்று பெயர், 1982 விதிகளின்படி. சாவு, கல்யாணம், கடும் நோய்க்கு அவசர விடுப்பு. சாதாரண விடுப்புக்கு 3 வருஷம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

ஆத்தூர்: கைதான பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தால்?

6 வயது வரை தாயோடு இருக்கலாம். 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி.

செவ்வாய்ப்பேட்டை: எங்கள் தாத்தா 1950-இல் சேலம் ஜெயிலில் இருந்தார் என்று பாட்டி சொல்வார். பதிவு கிடைக்குமா?

1950 பிப்ரவரி 11-இல் அந்தச் சிறைக்குள் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பலர் மலபாரிலிருந்து வந்தவர்கள், அப்போது மலபாரும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. தாத்தா அந்த வருஷம் என்றால் விசாரிக்கவே வேண்டிய விஷயம்.

சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பேரன் என்பதற்கு வாரிசுச் சான்று நகலை வையுங்கள், தனி நபர் தகவல் என்று தட்டிக் கழிக்காமல் இருக்க. அங்கே இல்லாவிட்டால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், அரசாணைகளின் வருஷ வாரிப் பட்டியலில் ஆரம்பியுங்கள். தாத்தாவின் அப்பா பெயரையும் அன்றைய ஊர்ப் பெயரையும் பாட்டியிடம் இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'என்கிற' போட்டு இன்னொரு பெயர் இருந்தால் அதையும்.