வாசலில் ஸ்டிக்கர் கோலம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 46. 14 ஆண்டுகளாகத் திருமணங்களுக்கும் சமூக மன்ற விழாக்களுக்கும் கோலம் போட்டுக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் விடிய விடியப் புதுச் சிக்குக் கோலம் வரைவேன். இப்போது புள்ளி வைத்ததுமே கை பழைய வளைவுக்கே போகிறது. பொங்கலன்று எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருவர், “இது போன வருடம் போட்டதுதானே அக்கா?” என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. என் வீட்டு வாசலில்கூட இரண்டு வருடமாக ஸ்டிக்கர் கோலம்தான். கற்பனை வற்றிவிட்டதா? விட்டுவிடலாமா?

வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

விட்டுவிடாதீர்கள். போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த ஸ்டிக்கர் கோலத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது.

கோடு தவறினால் துடைத்துவிட்டு மறுபடி போட உங்களுக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே காசும் இல்லை, கேள்வி கேட்பாரும் இல்லை. இப்போது போடுவதெல்லாம் முன்பணம் வாங்கிய கோலம். பயந்த கை தெரிந்த வளைவைத்தான் தேடும்.

1973இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்றார்கள். வாங்கிக்கொண்ட அந்தப் பிள்ளைகள், பிறகு விளையாட்டு நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். நீங்கள் சம்பாதிப்பது தவறில்லை. பிழைப்புக்கு அது வேண்டும். சம்பளமில்லாத கோலமும் கூடவே வேண்டும்.

பிரையன் லூகஸ், லோரன் நோர்ட்கிரன் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. யோசிக்க யோசிக்கச் சரக்கு தீர்ந்துவிடும் என்றே மக்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் பிந்திவந்த யோசனைகளின் புதுமை குறையவில்லை. சில சமயம் கூடியும் இருந்தது. பழைய வளைவு வந்ததும் நீங்கள் நோட்டை மூடிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வரட்டும், போட்டு முடியுங்கள். அதே புள்ளிகளில் இன்னொன்று, பிறகு இன்னொன்று.

வெந்நீர்த் துணியால் ஊறவைத்து ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள். காலையில் ஐந்து புள்ளிக் கோலம் போதும். தாழ்வாரத்தில் அண்டை வீட்டார் நடக்க வழிவிட்டுப் போடுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

கோலத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். நோட்டில் அடித்துத் திருத்திய பக்கம் இருந்தால் அதையும் அனுப்புங்கள்.